முதுகு பார்த்துப் புடவை சொன்ன ரத்தினம்மாள்

திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். வருஷத்தின் நாட்களை எண்ணிக் கட்டியது என்பார்கள். லீப் வருஷத்தில் மிஞ்சுகிற அந்த ஒரு நாளுக்கு என்ன வழி என்று கேட்டவர்களை ஊர் இதுவரை நல்ல முகத்தோடு பார்த்ததில்லை. ஆகவே அதை விட்டுவிடலாம்.

முதல் படிக்கு வலப்புறம் ரத்தினம்மாள் கற்பூரமும் பூவும் விற்றாள். இடப்புறம் அவள் கணவன் பங்காரு, மலையேறுகிறவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொண்டான். இருபத்தெட்டு வருஷம் இப்படி உட்கார்ந்ததில் இருவருக்கும் ஒரு விசேஷமான படிப்பு உண்டாகிவிட்டது. பங்காருவுக்கு ஊரில் எல்லோருடைய கால்களும் தெரியும். ரத்தினம்மாளுக்கு எல்லோருடைய முதுகும் தெரியும். முகத்தைப் பற்றி இருவருக்கும் அக்கறை இல்லை. தாசில்தார் ஒருமுறை நேரில் வந்து நின்று தாம் தாசில்தார் என்று சொன்னபோது, "கொஞ்சம் திரும்புங்க" என்று ரத்தினம்மாள் சொன்னதாகவும், திரும்பியதும் எழுந்து கும்பிட்டதாகவும் சொல்வார்கள்.

அவளுடைய பெருமைக்குக் காரணம் இந்த மலையின் அமைப்புதான். சமவெளி ஊரில் ஒரு பெண்ணை எதிரே வருகிறவர்கள் பார்க்கிறார்கள். அங்கே புடவையின் முன்கொசுவத்துக்கு மரியாதை. மலைக்கோயில் ஊரில் ஏறுகிற ஒருத்தியைப் பின்னால் ஏறுகிற நூறு பேர் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே வந்தாக வேண்டும். மேலே பார்த்தால் இன்னும் எத்தனை படி என்ற பயம். கீழே பார்த்தால் தலைச்சுற்றல். நடுவில் இருப்பது முன்னால் போகிறவளின் முதுகு ஒன்றுதான். திருத்தணிப் பெண்களுக்கு இது தெரியும். எனவே கடைத்தெருவில் எந்தப் புடவையை எடுத்தாலும் பணத்தைக் கொடுக்குமுன் ரத்தினம்மாளிடம் வந்துவிடுவார்கள்.

ஜவுளிக்கடை ஹயாத் பாஷா இதற்கு ஒத்துழைத்தார். இரண்டு புடவைகளை நம்பிக்கையின் பேரில் கொடுத்து, "படிக்குப் போய்ட்டு வா தாயி" என்று அனுப்பிவிடுவார். வாங்குகிறவள் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழாவது படியில் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ரத்தினம்மாள் கீழே உட்கார்ந்து பார்ப்பாள். ஆறாவது படி பக்கம், எட்டாவது தூரம் என்பது அவள் கண்டுபிடிப்பு. இதை மறுத்துப் பேச அந்த ஊரில் ஒருவரும் பிறக்கவில்லை.

பார்த்த பிறகு தீர்ப்பு வரும். குள்ளமானவளுக்கு அகலக் கரை கூடாது. ஆளை இடுப்போடு நறுக்கி இரண்டு கட்டாக வைத்த மாதிரி ஆகிவிடும். கறுத்த பெண்களை வெளிர் நிறத்துக்குள் ஒளித்து வைக்கிற வழக்கம் ஊரில் இருந்தது. ரத்தினம்மாள் அவர்களுக்கு அரக்கும் கடுகு மஞ்சளும் சொல்லி வெளியே கொண்டுவந்தாள். ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி பெரிய கட்டம் போட்ட புடவையோடு ஏழாவது படியில் நின்றபோது, "ஜன்னல் ஒண்ணு மலை ஏறுதேம்மா" என்றாள். அந்த அம்மாள் மூன்று மாதம் பேசவில்லை. நான்காம் மாதம் மெல்லிய கோடு போட்ட புடவையில் வந்து, ஒன்றும் சொல்லாமல் ஏழாவது படியில் திரும்பி நின்றார்.

முதுகு கடைசிப் பரீட்சைதான். அதற்கு முன் வேறு இரண்டு உண்டு. கட்டைவிரலை எச்சில் தொட்டு முந்தியின் உட்புறத்தில் தேய்ப்பாள். விரலில் சாயம் ஏறினால் புடவை திரும்பிப் போகும். அடுத்து, "எந்த ஊர்த் தறி? நெய்தவனுக்குக் கூலி போய்ச் சேர்ந்துதா?" என்று கேட்பாள். மூட்டை தூக்கி வருகிற ஜவுளிக்காரர்கள் இந்தக் கேள்விக்கு நடுங்குவார்கள். "தெரியாதுங்க" என்றால், "தெரிஞ்சிகினு வா, நான் இங்கேதான் குந்தினு இருப்பேன்" என்பாள். ஒருவன் மெய்யாகவே பொதட்டூர்ப்பேட்டை வரை நடந்து போய்த் தெரிந்துகொண்டு வந்தான். இத்தனைக்கும் அவள் வாங்கிய கூலி ஒரு வெற்றிலை. பாக்கு அவளுடையது.

பிறகு சண்டை வந்தது. ஜெர்மனிக்காரனும் இங்கிலீஷ்காரனும் அடித்துக்கொண்டால் திருத்தணியில் புடவை ஏன் குறைய வேண்டும் என்பதைப் பங்காரு ஆறு மாதம் யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் துணிக்குக் கன்ட்ரோல் வந்துவிட்டது. கார்டுக்கு இத்தனை கஜம் என்றார்கள். மில் துணி ஒவ்வொன்றின் முனையிலும் மில் முத்திரையையும் சர்க்கார் விலையையும் அச்சடித்தார்கள். அந்த விலைக்கு முன்கதவு வழியாக விற்றவர்கள் ஹயாத் பாஷாவைப் போன்ற சிலர். பின்கதவு வைத்திருந்தவர்கள் மாடி கட்டினார்கள்.

பின்கதவின் சங்கதி ரத்தினம்மாளுக்குத் தெரியவந்ததும் முதுகின் மூலமாகத்தான். கே.ஜி.கண்டிகையிலிருந்து கிருத்திகைக்குக் கிருத்திகை ஒரு பழுப்புச் சிவப்புப் புடவை மலை ஏறும். இடது தோளில் ஒரு ஒட்டு. ஒரு மாதம் அந்த ஒட்டு அசைந்து அசைந்து ஏறியது. மறு மாதம் விறுவிறுவென்று ஏறியது. ஒரே புடவை எப்படி இரண்டு நடை நடக்கும் என்று அவளுக்கு ஒரே குறுகுறுப்பு. கூப்பிட்டு விசாரித்தாள். விறுவிறு நடைக்காரியின் பெயர் மணியம்மை, நாற்று நடுகிறவள். அசைந்த நடை அவளுடைய மாமியார். வீட்டில் வெளியே கட்டிக்கொண்டு வர இருந்தது அந்த ஒரு புடவை. மாமியார் வெளியே போனால் மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள்.

"நடவுக்கு?" என்று கேட்டாள் ரத்தினம்மாள்.

"ஒருநாள் நானு, ஒருநாள் அது" என்றாள் மணியம்மை.

மூன்றாக இருந்த பரீட்சைகள் அன்றைக்கு நான்காயின. புடவை வந்தது முன்கதவா, பின்கதவா? பின்கதவு என்றால் அவள் ஏழாவது படியைக்கூடப் பார்க்க மாட்டாள். "அது கண்டிகைக்கு வர வேண்டிய புடவை. நடுவுல யாரோ இழுத்துகினான்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முகத்தைப் பற்றி அக்கறை இல்லாதவள் முகத்தைத் திருப்பினால் அது பெரிய கோபம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து, ஆடிக் கிருத்திகைக்குப் பதினைந்து நாள் முன்பு. ஹயாத் பாஷா கடையைப் பூட்டிக்கொண்டு தாமே படிக்கு வந்தார்.

"ரத்னாக்கா, புடவை பேல் வந்துச்சி."

"இன்னா கலரு?"

"கத்திரிப்பூ."

"அப்புறம்?"

"கத்திரிப்பூ."

"கரையாவது?"

"மஞ்சள். எல்லாத்துக்கும் மஞ்சள். நூத்தி நாப்பது புடவைக்கா. ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்குதுங்க."

ரத்தினம்மாள் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தாள். "அப்ப நான் எதுக்குப் பாய்?" என்றாள்.

"அதைத்தான் நானும் சொன்னேன். கேக்க மாட்டேங்கறாங்க. ரத்னாக்கா எதைச் சொல்லுதோ அதைக் குடுன்னு கடை வாசல்ல நின்னுகினு இருக்காங்க."

கடமை என்று வந்துவிட்டால் யோசிக்கக் கூடாது. மறுநாள் முதல் ஏழாவது படியில் கத்திரிப்பூ நிறம் ஒவ்வொன்றாக ஏறி நின்றது. ரத்தினம்மாள் ஒவ்வொன்றையும் அதே கவனத்தோடு பார்த்தாள். இவளுக்கு முந்தி முழங்கால் வரை தொங்கட்டும், அவளுக்கு இடுப்போடு நிற்கட்டும். இவளுக்கு மஞ்சள் ரவிக்கை, அவளுக்குக் கறுப்பு. கரையை இவள் கழுத்தோடு ஏற்றிக் கட்டட்டும், அவள் தோளிலிருந்து இறக்கட்டும். இரண்டு பேருக்கு மட்டும், "இது ஒனக்கு ஒத்து வரல, வேறே மாத்திகினு வா" என்று திருப்பி அனுப்பினாள். அவர்கள் போய் அச்சாக அதே புடவையில் வேறொன்றை மாற்றிக்கொண்டு வந்தார்கள். "ஆங், இப்ப சரி" என்றாள். நூற்று நாற்பது பேருக்கும் திருப்தி. ஊருக்கு வந்த சங்கடம் பிறகுதான் தெரிந்தது: முதுகைப் பார்த்து மனைவியைத் தொடர்ந்து ஏறுகிற புருஷர்களில் அந்த வெள்ளிக்கிழமையே இரண்டு பேர் வேறு வீட்டு முதுகைப் பின்பற்றி உச்சி வரை போய்விட்டார்கள்.

இந்த நிலையில்தான் தேவகியின் காரியம் வந்தது.

தேவகி, ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த பக்தவச்சலத்தின் மகள். பத்தொன்பது வயது. தாய் இல்லை, பெரிய அத்தை கௌரியம்மாள் வளர்த்தாள். ரத்தினம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து காவடிக்குப் பூக் கட்டுவது அவள் வேலை. கனகம்மாசத்திரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த தணிகாசலத்துக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். ஆடிக் கிருத்திகையன்று பெண் பார்ப்பதாக ஏற்பாடு.

ஆடியில் யாராவது பெண் பார்ப்பார்களா என்று கேட்கக் கூடாது. பார்க்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாமி பார்க்க வருவார்கள். படியில் ஏறும்போது பத்துப் படி முன்னால் ஒரு பெண் தற்செயலாகப் போய்க்கொண்டிருப்பாள். உச்சிக்குப் போகும்வரை எட்டிப் பிடித்து முகத்தைப் பார்த்தால் அது பெண் பார்ப்பது ஆகிவிடும். ஆகவே முதுகோடு நிறுத்திக்கொள்வார்கள். மேலே போனதும் பிடித்திருந்தால் இரண்டு குடும்பமும் தங்கள் அர்ச்சனைத் தேங்காயைத் தவறுதலாக மாற்றி எடுத்துக்கொள்ளும். ஆவணி பிறந்ததும் அந்தத் தவற்றுக்கு முகூர்த்தம் வைப்பார்கள்.

எந்த முதுகு என்று தெரிய வேண்டுமே. மாப்பிள்ளையின் தாய்மாமன் தங்கவேல் விவரமானவர். ஊரே கத்திரிப்பூவாக இருக்கிறதென்று கேள்விப்பட்டுத் தாமே ஒரு புடவை அனுப்பினார். கிளிப்பச்சை, அரக்குக் கரை, மல் துணி போல மெல்லிசு. பெண் இதைக் கட்டிக்கொண்டு ஏறட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

தேவகி அதைக் கொண்டுவந்து ரத்தினம்மாளின் மடியில் வைத்தாள். கூடவே பக்தவச்சலமும் கௌரியம்மாளும் வந்தார்கள். கௌரியம்மாளின் கண் புடவையை விட்டு நகரவில்லை.

ரத்தினம்மாள் விரலைத் தேய்த்தாள். சாயம் ஏறவில்லை. முந்தியைப் பிரித்தாள். வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இந்த மாதிரி மில் புடவையில முந்திக் கோடு ஜோடி ஜோடியாத்தான் வரும். இதுல எத்தனை இருக்குது, எண்ணு."

தேவகி எண்ணினாள். "மூணு."

"நாலாவது எங்கே? ஓரத்தைப் பாரு, கத்திரிச்சி மடிச்சி கையால தச்சிருக்குது. மூணு விரக்கடை போயிடுச்சி. முத்திரை அதுலதான் இருந்திருக்கும். பின்கதவுப் புடவைம்மா இது. எந்தக் கடையிலேர்ந்து வந்துதுன்னு தெரியக் கூடாதுன்னு அறுத்துட்டாங்க."

"அதனால இன்னா?" என்றார் பக்தவச்சலம். "நாம வாங்கல. குடுத்தாங்க."

"கட்டப் போறது யாரு?"

"ரத்னம்மா, நான் பாதி வாக்குக் குடுத்துட்டேன். இந்தப் புடவை இல்லேன்னா நூத்தி நாப்பதுல எதுன்னு கண்டுபுடிப்பாங்க?"

தேவகி புடவையை மடித்து அப்பா பக்கம் திரும்பினாள். "நைனா, எனக்கு இது வேணாம். ஆனா மாப்பிள்ளையும் வேணாம்னு நான் சொல்லல" என்றாள். "இதைக் கத்திரிச்சது அவர் கையா, வேற யார் கையான்னு எனக்குத் தெரியணும். அவர் கைன்னா தேங்காய் மாத்த வேணாம்."

"அதை எப்படி அவங்களைக் கேக்கறது?"

"கேக்க வேணாம். அவங்களே பேசுவாங்க. படி ஏறும்போது பேசாம வர்றவங்க உண்டா? இதோ, அக்காகிட்ட கேளுங்க."

"ஒருத்தரும் கிடையாது" என்று ரத்தினம்மாள் தன் இருபத்தெட்டு வருஷத்தைச் சாட்சி வைத்தாள்.

"நான் கத்திரிப்பூவைக் கட்டிகினு அவங்க பின்னால போறேன். நூத்தி நாப்பதுல நான் ஒருத்தி. யாருக்குத் தெரியும்?"

"முன்னால யாரும் இல்லேன்னா தேடுவாங்களே" என்றார் பக்தவச்சலம்.

இந்த இடத்தில் கௌரியம்மாள் ஒரு தியாகம் செய்தாள். "பச்சையை நான் கட்டிகினு முன்னால போறேன். ஒரு அடையாளத்துக்குத்தானே. மேலே போனதும் திரும்பி, பொண்ணு அதோன்னு காட்டிடறேன்."

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. புருஷன் திருப்பதிச் சத்திரம் ஒன்றில் சமையல்காரன். வருஷத்துக்கு இரண்டு தடவை லட்டோடு வருவான், புடவையோடு வந்ததில்லை. ரத்தினம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பின்கதவுப் புடவைக்கு நான் முதுகு பார்க்கறதில்லை. இந்த ஒரு தடவை, இந்த ஒரு மலை ஏறி எறங்கற வரைக்கும்தான். எறங்கினதும் புடவை நான் சொல்ற எடத்துக்குப் போகணும். சம்மதமா?"

"எடத்தை அப்புறமாச் சொல்லு" என்றாள் கௌரியம்மாள், புடவையை வாங்கிக்கொண்டு.

இனி நடந்ததற்கு ரத்தினம்மாள்தான் பொறுப்பு. கிருத்திகை காலை அவள் கௌரியம்மாளுக்கு ஓர் அடையாளக் கம்பத்தைத்தான் கட்டிவிட வேண்டியிருந்தது. ஆனால் ஒரு முதுகு தன் கைக்கு வந்துவிட்டால் அதை அரைகுறையாக விட அவளால் முடியாது. முந்தியை இடுப்புக்குக் கீழே நீளமாக விட்டாள். கரையைத் தோளிலிருந்து சாய்வாக இறக்கினாள். அதில் பத்து வயது போயிற்று. அரக்கு ரவிக்கை கொடுத்தாள், இன்னும் எட்டு. கொண்டையில் தெரிந்த நரையை மூன்று முழம் கதம்பத்தால் மூடினாள். பிறகு ஏழாவது படிக்கு அனுப்பிப் பார்த்தாள். பங்காருகூடச் செருப்புகளை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"யாரு அது?" என்றான்.

"கௌரியம்மா."

"பொய் சொல்லாதே."

மாப்பிள்ளை வீட்டார் எட்டு மணிக்கு வந்தார்கள். தணிகாசலம், அவன் தாய் தாயம்மாள், தங்கவேல். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்பதால் நான்காவது ஆளாக ஒரு கூழாங்கல்லைத் தங்கவேல் மடியில் கட்டியிருந்தார். செருப்புகளை விட்டார்கள். பங்காரு பார்த்துவிட்டு ரத்தினம்மாள் பக்கம் சாய்ந்தான்.

"மாமன் செருப்பு புத்தம் புதுசு. பையன் செருப்புக்கு அடியில டயர். அவனே தச்சிருக்கான்."

"அதை வச்சி இன்னா சொல்ற?"

"கால் வரைக்கும்தான் நான். மேலே ஒன் கணக்கு."

அரோகரா சத்தத்தில் மலை அதிர்ந்தது. பச்சைப் புடவை ஏறியது. பத்துப் படி பின்னால் மூவரும் ஒரு கல்லும். அவர்களுக்கு இரண்டு படி பின்னால், தலை குனிந்து, கத்திரிப்பூ நிறத்தில் தேவகி. அவளுக்கு முன்னும் பின்னும் கத்திரிப்பூ.

முப்பதாவது படியில் தாயம்மாள் ஆரம்பித்தாள். "கொஞ்சம் பூசினாப்ல இருக்கா."

"குடும்பத்துக்கு ஆவும்" என்றார் தங்கவேல். "நடையைப் பாரு, அவசரமே இல்லை. நல்ல வளர்ப்பு. புடவை எப்படி எடுப்பா இருக்குது பார்த்தியா?"

தணிகாசலம் தாயின் பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் ஏறினான். தேவகிக்கு அவனுடைய முதுகு தெரிந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு தையல். அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆண்களின் முதுகைப் பற்றி ரத்தினம்மாளும் எதுவும் சொல்லி வைத்ததில்லை.

நூற்றிருபதாவது படியில் ஒரு காவடிக் கூட்டம் இடித்துத் தேவகியை அவர்களுக்கு முன்னால் தள்ளிவிட்டது.

"ஏம்மா கத்திரிப்பூ, கொஞ்சம் ஒதுங்கிப் போ" என்றார் தங்கவேல். "எங்க பொண்ணு மறையுது."

தேவகி ஒதுங்கி வழிவிட்டு மறுபடியும் பின்னால் வந்துவிட்டாள்.

நூற்றைம்பதில் கௌரியம்மாள் மண்டபத்தில் உட்கார்ந்தாள், முதுகை இந்தப் பக்கம் காட்டியபடி. மூவரும் பத்துப் படி கீழே நின்றார்கள்.

"சின்ன வயசுல இன்னா களைப்பு?" என்றார் தங்கவேல், தாமும் உட்கார்ந்து. "நாளைக்குக் கிணத்துல தண்ணி இழுக்க வேணாமா?"

"நீங்களும்தான் குந்திட்டீங்க மாமா" என்றான் தணிகாசலம். அது அவனுடைய முதல் பேச்சு.

"நான் ஆம்பள. அலைஞ்சவன். இந்தப் புடவைக்கு எத்தனை அலைச்சல் தெரியுமா? அரக்கோணத்துல ஒருத்தன். ராத்திரி வா, பின்பக்கமா வான்னான். முனையை நானே கத்திரியால நறுக்கி, தாயம்மா தச்சிக் குடுத்தா."

இரண்டு படி கீழே தேவகி காவடிகளுக்கு வழிவிடுகிறவள் போல ஓரமாக நின்று கேட்டாள். கை இன்னாருடையது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவள் கேட்க வந்தது பாதிதான் தீர்ந்தது. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த கையும் ஒன்று உண்டல்லவா?

"எரிச்சிட்டீங்களா அதை?" என்றான் தணிகாசலம்.

"எதை?"

"நறுக்கின முனை."

"அடுப்புல போடச் சொன்னேன்."

"போடல. எங்கிட்ட இருக்குது."

தாயம்மாள் திரும்பினாள். "எதுக்குடா அது?"

"நான் வேணாம்னு சொன்னேன், நீங்க கேக்கல. அனுப்பிட்டீங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு, இது எங்கே வாங்கினதுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? எடுத்துக் காட்டணும், இல்லியா?"

தங்கவேல் சிரித்தார். "கேக்குமா? புடவை குடுத்தா எந்தப் பொண்ணுடா அது வந்த வழியைக் கேக்கும்? கலரைப் பார்க்கும், கரையைப் பார்க்கும், கட்டிக்கும்."

"கேக்கலேன்னா பாக்கெட்லேயே இருந்துட்டுப் போவுது" என்றான் தணிகாசலம்.

மீதி இருநூற்றுச் சொச்சம் படிகளைத் தேவகி எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அத்தை இன்னும் நான்கு இடத்தில் உட்கார்ந்தாள் என்பது மட்டும் நினைவு இருந்தது. நாலு தடவையும் தங்கவேல் முணுமுணுத்தார், நாலு தடவையும் தணிகாசலம், "அது குந்தட்டும், நமக்கு இன்னா ரயிலா போவுது?" என்றான்.

கடைசிப் படியில் கௌரியம்மாள் தன் கடமையை நினைத்துக்கொண்டாள். மெல்லத் திரும்பினாள். வெற்றிலைச் சிவப்பேறிய மூன்று பற்களும் தெரியும்படி சிரித்தாள்.

"பொண்ணு பின்னால வருது" என்றாள்.

தாயம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். தங்கவேல் இரண்டு கைகளையும் தலையில் வைத்தார். மடி அவிழ்ந்து நான்காவது ஆள் கீழே விழுந்து, நாலைந்து படி உருண்டு, ஒரு காவடிக்காரரின் காலடியில் நின்றார். தணிகாசலம் கை கூப்பினான். "வாங்க பெரியம்மா. வெயில்ல ஏறிட்டீங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்று பையிலிருந்த செம்பை எடுத்துக் கொடுத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு தோளில் தெரிந்தது.

அப்போது கத்திரிப்பூ நிறம் ஒன்று அவர்களைத் தாண்டி இரண்டு படி மேலே போய்த் திரும்பி நின்றது. முகத்தைக் காட்டி.

"பாக்கெட்ல இருக்குதுன்னீங்களே, அந்த முனை" என்றாள் தேவகி. "நான் கேக்கறேன். குடுங்க."

தணிகாசலம் அவளைப் பார்த்தான். "நீங்க எந்தப் படியிலேர்ந்து வர்றீங்க?"

"மொதல் படியிலேர்ந்து."

"கத்திரிப்பூ, ஒதுங்கிப் போன்னு மாமா சொன்னது?"

"என்னைத்தான்."

அவன் சட்டைப் பையிலிருந்து மூன்று விரல் அகலத் துண்டை எடுத்துக் கொடுத்தான். அரக்குக் கோடு ஒன்று, மில் முத்திரை, சர்க்கார் விலை, ஓரத்தில் சைக்கிள் எண்ணெய்க் கறை.

கொடிமரத்தடியில் எந்தத் தேங்காய் எந்தப் பைக்குப் போனது என்பதை யாரும் பார்க்கவில்லை. ஆடியில் பார்க்கக் கூடாது. தங்கவேல் மட்டும் வீட்டுக்குப் போய், பையில் இருந்தது குடுமி சிறுத்த தேங்காய் என்றும், தாம் வாங்கியது பெருத்தது என்றும் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடிவாரத்தில் ரத்தினம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறங்குகிறவர்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு வருவார்கள். அவளுக்கு முகம் படிக்க வராது. "இன்னா ஆச்சி, பார்த்துச் சொல்லுய்யா" என்று பங்காருவைப் பிடுங்கினாள்.

பங்காரு செருப்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆயிடுச்சி" என்றான்.

"எப்படிச் சொல்ற?"

"பையன் ஒரு கால்ல தன் டயர் செருப்பு, ஒரு கால்ல மாமன் புதுச் செருப்பு. போட்டுகினு போயிகினே இருக்கான். மாமன் பின்னால கத்திகினு ஓடறாரு."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தேவகி பொதட்டூர்ப்பேட்டைத் தறிப் புடவை கட்டிக்கொண்டாள்; நெய்தவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கிளிப்பச்சையின் கதை அதற்கு முன்பே முடிந்திருந்தது. இறங்கியவுடன் கௌரியம்மாள் அதை ஒரு நாள் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு மூன்று நாள் என்றாள். எட்டாம் நாள் தேவகியே உருவிக்கொண்டு வந்தாள். ரத்தினம்மாள் நறுக்கிய முனையைப் பழைய இடத்தில் வைத்துத் தைத்தாள். முத்திரையை உள்ளே மடிக்கலாமே என்று கௌரியம்மாள் கடைசியாக ஒரு யோசனை சொன்னாள். ரத்தினம்மாள் அதை வெளியே தெரியும்படியே தைத்தாள்.

அடுத்த கிருத்திகைக்குக் கே.ஜி.கண்டிகையிலிருந்து இரண்டு முதுகுகள் ஒன்றாக வந்தன. பழுப்புச் சிவப்பு அசைந்து அசைந்து ஏறியது. பக்கத்தில் மணியம்மை, கிளிப்பச்சையில், விறுவிறுவென்று ஏறி, மாமியாருக்காக நின்று, மறுபடி ஏறினாள். பின்னால் வந்த கூட்டம் முழுதும் அவள் முந்தியிலிருந்த சர்க்கார் விலையைப் படித்துக்கொண்டே ஏறியது. எழுத்துத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களைக் கேட்டார்கள்.

ஏழாவது படியில் ரத்தினம்மாள் அவளை நிறுத்தினாள்.

"திரும்பாதே, அப்படியே நில்லு." வெகுநேரம் பார்த்தாள். "முந்தியை இன்னும் ஒரு சாண் எறக்கி விடு. நாலாவது கோடு தெரியணும்."

மணியம்மை இறக்கிவிட்டாள்.

"ஆங். இப்ப போ."